வெட்டாத வாள்

வாள் தமிழர்க்குப் புதிதன்று. மன்னனின் குடையையும் முரசையும் போற்றியவாறே அவனுடைய வாளையும் போற்றியது நம் பழைய மரபு. வாள்மங்கலம் என்றே ஒரு துறையைப் புறப்பொருள் இலக்கணம் வகுத்துரைக்கின்றது. களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த நம் முன்னோர், அவன் ஏந்திய படைக்கலத்தையும் அக்கல்லிலே செதுக்கி வைத்தனர். ஆயுத பூசையன்று அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டிட்டு வணங்கும் நாம், ஊர்விட்டு ஊர் வந்த பின்னும் கருவியைப் போற்றும் பண்பை மறந்துவிடவில்லை.

போர்க்களத்திலிருந்து வாள் விடைபெற்று நெடுநாள் ஆயிற்று. இன்று அதனை அணிவகுப்பில்தான் காண்கின்றோம். படைத்துறையினர் கையில் மட்டுமன்று. காவல் துறையினர் கையிலும் அது மின்னுகின்றது. திருடனைத் துரத்தவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் வந்த காவலர்க்கு வாள் எதற்கு?

இந்த வினாவை எங்களுக்குள் எழுப்பியவள் எங்கள் மகள். திண்டிவனத்தை விட்டுத் தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளைக் கடந்த எங்கள் குடும்பத்திற்குக் குடியரசு நாள் அணிவகுப்பு ஒரு திருவிழா. விடியுமுன் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனிமூட்டத்தில் வழி தேடி நடந்து, இடம் பிடித்து அமர்வோம். அவள் பள்ளிச் சிறுமியாக இருந்த ஓர் ஆண்டில், தில்லிக் காவலர் அணி எங்களைக் கடந்து சென்றது. முன்னே சென்ற அதிகாரியின் கையில் உருவிய வாள். “அந்த வாள் வெட்டுமா?” என்றாள். “வெட்டாது அம்மா, மரியாதைக்காக ஏந்துவது” என்றோம். “வெட்டாத வாள் எதற்கு?” என்று மறுபடியும் கேட்டாள். அணிவகுப்பு முடிந்தது, அவள் கேள்வி முடியவில்லை.

சடங்கு வாளை அருகிருந்து நோக்கினால் அதன் இயல்பு விளங்கும். நேரான, ஒடுங்கிய அலகு. கையை மறைக்கும் உலோகக் காப்பு. மெருகேற்றிய உறை. அலகின்மேல் சின்னமோ எழுத்தோ பொறிக்க வேண்டுமாயின், அமிலம் பற்றாத பூச்சு ஒன்றைத் தடவி, வேண்டிய இடத்தில் மட்டும் அதனை நீக்கி, அமிலத்தால் அரிக்கச் செய்வர். இத்துணை வேலைப்பாடும் செய்தபின், அதன் விளிம்பைப் பொதுவாகக் கூர் தீட்டுவதில்லை. அதனைக் கொண்டு செய்யும் வணக்கத்திலும் ஒரு பொருள் உண்டு. வாளை நிமிர்த்தி முகத்திற்கு நேரே கொணர்ந்து, பின் நுனி நிலத்தை நோக்குமாறு தாழ்த்துவர். தாழ்த்திய வாள் எவரையும் தாக்காது. ‘என் வலிமை உமக்கு அடங்கியது’ என்பதே அச்செயலின் பேச்சு.

இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானோர் பயிலும் அகாடமி 1948ஆம் ஆண்டில் அபு மலையில் தொடங்கப் பெற்றது. பின்னர் சர்தார் வல்லபபாய் படேலின் பெயரைத் தாங்கி, 1975இல் ஹைதராபாத்திற்கு இடம் பெயர்ந்தது. அங்கே களப் பயிற்சியில் முதன்மை பெறுவோர்க்கு இந்தியக் காவல் பணிச் சங்கத்தின் கௌரவ வாள் வழங்கப்படுகின்றது. 2021 ஆகஸ்டில் அவ்வாளைப் பெற்றவர் ரஞ்சீதா சர்மா. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. செய்தித்தாளில் வெளிவந்த அவருடைய படத்தை எங்கள் மகள் கத்தரித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தாள். அவள் மனம் செல்லும் திசையை அன்றே அறிந்துகொண்டோம்.

இங்கே ஔவையாரை நினையாதிருக்க இயலவில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவல் மிக்க மனையில் அழகுற விளங்கியதையும், அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் பட்டடையில் கிடந்ததையும் ஒப்பிட்டுப் புறநானூற்றில் அவர் பாடியுள்ளார். புகழ்வது போல் தொண்டைமானை இகழ்ந்த நயத்தைப் பள்ளியிலே படித்து மகிழ்ந்தோம். போர் மன்னனுக்கு அது பொருந்தும். மக்களாட்சியின் காவலர்க்கோ முறை தலைகீழாகின்றது. அவர் காக்க வேண்டியவரும் குடிமக்களே. அடக்க வேண்டியவரும் குடிமக்களே. அவருடைய வாள் மெருகு குலையாமல் உறைக்குள் கிடப்பதே நாட்டுக்குப் பெருமை.

தலைநகரிலே நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதற் பெண் அதிகாரி கிரண் பேடி அம்மையார். 1975ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில், ஆடவரே நிறைந்த தில்லிக் காவலர் அணிக்குத் தலைமை தாங்கிக் கையில் வாளேந்தி நடந்தார். நாடே வியந்து நோக்கியது. 1978 நவம்பரில் இந்தியா கேட் அருகே கலவரம் மூண்டது. உருவிய வாளோடு வந்த ஆர்ப்பாட்டக்காரர்களை அதே அம்மையார் எதிர்கொண்டார். அன்று அவர் கையில் வாள் இல்லை. ஒரு தடியே இருந்தது. அத்துணிவிற்காகக் குடியரசுத் தலைவரின் வீரப் பதக்கம் அவரைச் சேர்ந்தது. அழகுக்கு ஏந்திய வாள் அணிவகுப்போடு நின்றது. ஆபத்தில் துணைநின்றது தடியும் நெஞ்சுரமுமே. காவல் துறையின் உயர் அதிகாரிகள் தோளில் அணியும் சின்னத்தில் வாளும் கோலும் குறுக்காக அமைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இவ்விரு நிகழ்ச்சிகளும் எங்கள் நினைவில் எழுகின்றன.

எங்கள் மகள் இன்று கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. குடிமைப் பணித் தேர்வு எழுதிக் காவல் பணியில் சேர்வேன் என்கின்றாள். கோப்பும் குறிப்பும் ஆண்டு ஊதிய உயர்வுமே அறிந்த எழுத்தர் குடும்பம் எங்களுடையது. நள்ளிரவில் கலவரத்தின் நடுவே அவளுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். அதிகாரம் கைக்கு வந்தபின் அவளால் எளியோர் எவர்க்கேனும் தீங்கு நேர்ந்துவிடுமோ என்பது அதனினும் பெரிய அச்சம்.

இரண்டாவது அச்சத்திற்குக் காரணம் உண்டு. தில்லிக்கு வந்த புதிதில் சைக்கிள் திருட்டுப் போய்விட, அரைகுறை இந்தியோடு ஒரு காவல் நிலையத்தின் வாயிலில் நின்றோம். எங்கள் பேச்சைக் கேட்டு இளைஞர் ஒருவர் நகைத்தார். நரைத்த மீசை கொண்ட தலைமைக் காவலர் ஒருவரோ நாற்காலி கொடுத்து, தண்ணீர் தந்து, தாமே புகாரை எழுதி எங்களுக்குப் படித்தும் காட்டினார். சைக்கிள் கிடைக்கவில்லை. ஆயினும் இவ்வூரில் நமக்கும் நியாயம் கேட்க இடமுண்டு என்னும் நம்பிக்கை கிடைத்தது. மொழி தெரியாத ஊரில் பிழைக்க வந்தவர்க்கு அந்நம்பிக்கையின் அருமை தெரியும். அன்று அவர் கையில் இருந்தது ஒரு பேனா.

எங்கள் தாயார் தொடக்கத்தில் உடன்படவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு லத்தியும் தொப்பியும் எதுக்கு? உங்களைப் போல ஆபீசுக்குப் போகட்டுமே” என்றார். பேத்தி விடவில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து, 1975இன் வாளையும் 1978இன் தடியையும் கதையாகச் சொன்னாள். முதியவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

பின்பு, “வாளு கெடக்கட்டும் கண்ணு. அந்தத் தடியை யார் மேல ஓங்கணும், யார் மேல ஓங்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க. தெரிஞ்சுக்கிட்டுப் போ” என்றார்.

எங்கள் இசைவும் அந்த நிபந்தனையோடு கூடியதே. தேர்வில் அவள் வெல்வாளோ, கௌரவ வாள் அவள் கைக்கு வருமோ, அவை காலத்தின் கையில் உள்ளன. வராவிடினும் குறையில்லை. வாசலில் வந்து நிற்கும் அயலூரான் ஒருவனுக்கு அவள் நாற்காலி கொடுத்து அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பாளாயின், அதுவே எங்கள் குடிக்குப் போதும்.