துரைமார் கொண்டுவந்த மீன்

இரை குத்தாத தூண்டிலால் மீன் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. சிறிய முள்ளொன்றின்மீது பட்டுநூலைச் சுற்றி, கோழியிறகின் இழைகளை அதனோடு பிணைத்து, நீர்மேல் வந்து விழும் பூச்சியின் வடிவத்தை அதற்குக் கொடுத்து, அதனை உணவென்று மீனை நம்பவைத்தலே அம்முறை. ஆங்கிலேயர் அப்போலிப் பூச்சியை 'ஃப்ளை' என்பர். நாம் இக்கட்டுரையில் அதனை இறகுப்பூச்சி என்றே வழங்குவோம். குளிர்ந்த மலையோடைகளிலும் மலைவாவிகளிலும் வாழும் ட்றவுட் என்னும் மீனைப் பிடிப்பதற்கே இது பெரிதும் பயன்படுகிறது.

இப்பொருள்பற்றி எழுத எண்ணியிருக்கிறோம் என்று நண்பரொருவரிடம் கூறியபோது அவர் நகைத்தார். "தோட்டத் தொழிலாளி நாட்சம்பளத்துக்காகத் தெருவில் நிற்கிறான். நீங்கள் துரைமாரின் பொழுதுபோக்குக்குப் பரணி பாடப்போகிறீர்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு வர்க்கம் தனக்கெனச் சுவீகரித்துக்கொண்ட அறிவையும் அவ்வர்க்கத்தோடு சேர்த்து வெறுத்தொதுக்குவது முற்போக்காகுமா என்பது எமது ஐயம். அவ்வறிவு யாருடைய கைகளில் பிறந்தது, யாருடைய பெயரில் உலாவுகிறது என்று கேட்பதல்லவா நமது வேலை?

அவ்வறிவு எத்தகையது என்பதை முதலிற் பார்ப்போம். ட்றவுட் ஓடும் நீரை எதிர்நோக்கியே நிற்கும். நீர் கொண்டுவரும் உணவை நின்ற இடத்திலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே தூண்டில்காரன் நீர் ஓடிச்செல்லும் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, மீனின் பின்புறமாக, ஓசைபடாமல் வருகிறான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கோ இறகுப்பூச்சிக்குப் பாரமே இல்லை. நூலின் பாரந்தான் பூச்சியைச் சுமந்து செல்கிறது. கோலைப் பின்னோக்கி வீசி, நூல் முதுகுக்குப் பின்னே முழுவதும் நீளும்வரை கை பொறுத்திருந்து, அதன் பின்னரே முன்னோக்கி வீசவேண்டும். அந்தப் பொறுத்திருத்தலை எந்த நூலைப் படித்தும் கற்றுவிட முடியாது. தூண்டில் நூலைத்தான் கேட்கவேண்டும்.

இனி, எந்தப் பூச்சியைப் போலச் செய்வது என்பது ஒரு கல்வி. இங்கிலாந்தின் ஆறுகளில் கோடையின் தொடக்கத்தில், வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் காலத்தில், 'மே பூச்சி' எனப்படும் ஒருவகைப் பூச்சி கூட்டங்கூட்டமாக நீரைவிட்டு எழும். ஓராண்டோ ஈராண்டோ ஆற்றுப்படுகையில் புழுவாய் வாழ்ந்துவிட்டு, சிறகு முளைத்தபின் ஒரு நாளோ சில நாட்களோ பறந்து, கூடி, முட்டையிட்டு, நீரில் விழுந்து மடிவது அது. சிறகு பெற்ற பின் அது உண்பதே இல்லை. உண்ணுதற்குரிய வாயும் அதற்கு இல்லை. மழை விழுந்த மாலையில் நம் ஊர்களில் எழும் ஈசலை நினைத்துக்கொண்டால் அக்காட்சி ஒருவாறு விளங்கும். எச்சரிக்கை மிகுந்த ட்றவுட்டும் அந்த இரு வாரங்களில் மதிமயங்கி உண்ணும். எந்த மூடனுக்கும் மீன் அகப்படும் காலம் என்று ஆங்கிலேயரே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இக்கலையைப் பிரபுக்கள் கண்டுபிடித்ததாக எண்ணுவது தவறு. மசிடோனியாவின் ஆறொன்றில் மக்கள் முள்ளிற் செந்நிற உரோமத்தைச் சுற்றி, கோழியிறகு சேர்த்து மீன் பிடித்ததை உரோமப் பேரரசுக் காலத்து எழுத்தாளரான ஈலியன் கி.பி. 200 அளவிலேயே எழுதிவைத்துள்ளார். தூண்டில் இலக்கியத்தின் வேதமாகக் கொண்டாடப்படும் நூலை 1653 இல் வெளியிட்ட ஐசாக் வால்ற்றன் துணி வணிகர். நமது பெரும்பாணாற்றுப்படையிலும் தூண்டில்காரன் ஒருவன் வருகிறான். பாண்குடியைச் சேர்ந்தவன், வறியவன், மூங்கிற் கோலும் தோற்பையும் உடையவன். அவனுடைய இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், அதன்பின் கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் அஞ்சும் என்கிறார் புலவர். தூண்டிலைத் தூக்கிப் பார்த்தவரே இதை எழுதியிருக்க முடியும் என்பது எமது துணிபு. ட்றவுட் பிடிப்போர் இன்றும் தம் நிழல் நீரில் விழாமல் நடப்பதையே முதற்பாடமாகக் கற்கிறார்கள்.

பின்னர்தான் இக்கலைக்கு வேலி கட்டினார்கள். ஆற்றின் கரை எவனுடையதோ, மீன் பிடிக்கும் உரிமையும் அவனுடையது என்பது இங்கிலாந்தின் சட்டம். உரிமை சுருங்கச் சுருங்க ஆசாரம் பெருகியது. நீரின்மேல் மிதக்கும் பூச்சியால் பிடிப்பதே கனவான்களின் முறை என்று ஒரு சாராரும், நீருக்குள் அமிழும் பூச்சியும் முறையானதே என்று மறுசாராரும் வாதிட்டனர். 1938 பெப்ரவரியில் இலண்டனில் அவர்களுடைய கழகமொன்றில் இதுபற்றி விவாதமே நடந்தது. அந்த ஆண்டில் ஐரோப்பாவில் வேறு என்னென்ன நடந்தன என்பதை வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை.

'கிரீன்வெல்லின் மகிமை' என்றோர் இறகுப்பூச்சி உலகப் புகழ் பெற்றது. 1854 இல் ருவீட் ஆற்றங்கரையில் கிரீன்வெல் என்னும் பாதிரியார் அன்றைக்கு ஆற்றில் எழுந்த பூச்சி ஒன்றைக் கொண்டுபோய், அதுபோலச் செய்துதருமாறு கேட்டார். கரும்பறவையின் சிறகிழையும் மஞ்சட் பட்டும் எடுத்து அதனைக் கட்டிக்கொடுத்தவர் ஜேம்ஸ் ரைற் என்னும் தொழிலாளி. மறுநாள் மீன் ஏராளமாகப் பட்டது. விருந்து வைத்தார்கள், பெயர் சூட்டினார்கள், பாதிரியாரின் பெயரைச் சூட்டினார்கள். ரைற்றின் பெயரை அறிந்தவரும் உண்டுதான். ஆனால் உலகெங்கும் கடைகளிற் பெட்டியின்மேல் அச்சாகியிருப்பது அவர் பெயரன்று.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். ட்றவுட் ஈழத்து மீனன்று. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம். தோட்டங்கள் கைமாறின; கூலி கிடைக்காத குடும்பங்கள் வந்த வழியே திரும்பி நடந்தன. அந்த 1880களிலேதான் இங்கிலாந்திலிருந்து ட்றவுட் முட்டைகள் கப்பலேறி வந்து, நுவரெலியாவின் குளிர்ந்த நீரிற் பொரிக்கவைக்கப்பட்டன. முதலில் வந்த பழுப்பு ட்றவுட் இந்நாட்டு நீரில் தானாகப் பெருகவில்லை. குஞ்சு பொரித்து மீண்டும் மீண்டும் ஓடைகளில் விடவேண்டியிருந்தது. பின்னர் வந்த வானவில் ட்றவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிற் குடியேறி இனம் பெருக்கியது. 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்தது. குஞ்சு விடுவதும் அனுமதிச்சீட்டு வழங்குவதும் அதன் கைக்கு வந்தன. துரைக்கு ஓர் ஓடை வேண்டியிருந்தது. தன் ஊரில் அது பிரபுவுக்கு உரியது. இங்கே அதனைத் தானே உண்டாக்கிக்கொண்டான்.

ஒன்றை இங்கே சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. அந்த மீனும் கடல் கடந்து வந்தது. கொழுந்து பறித்தவர்களும் கடல் கடந்தே வந்தார்கள். மீன் நீரிற் பிழைக்குமா என்று பார்க்கத் துரைமார் வெப்பமானியை வைத்து அளந்தார்கள். லயன் அறையிற் பிறந்த பிள்ளை பிழைக்குமா என்று அத்துணைக் கரிசனையோடு அளந்தவர் அரியர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு நாட்டுத் தலைவர்களும் அவர்களை 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். மீன்களுக்கோ எவரும் பதிவுச் சான்றிதழ் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு மாணவியால். உயர்தர வகுப்பில் முல்லைத்திணையின் கருப்பொருள்களை விளக்கிக்கொண்டிருந்தோம். கானக்கோழி என்று சொன்னதும், அப்பறவை எப்படியிருக்கும் என்ற பேச்சு எழுந்தது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோன்ற வெண்மஞ்சட் புள்ளிகள் உண்டு. ஈழத்துக் காட்டுக்கோழி வேறினம். அந்த இறகுக்காகவே அப்பறவை வேட்டையாடப்பட்டது என்றும், தூண்டிற் பூச்சி கட்டுவதற்காகச் சீமைக்கு ஏற்றப்பட்டது என்றும், 1902 இல் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது என்றும் நாம் கூறினோம். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, கணிதப் பெட்டிக்குள்ளிருந்து எதையோ எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அரிசி மணியளவு ஒரு பூச்சி. வால் மூன்று இழை. உடலில் பொன்னிறக் கம்பிச் சுற்று. நிமிர்ந்த இரண்டு சிறகுகள்.

"செத்த பூச்சியா?" என்றோம்.

"பூச்சி இல்லீங்க சேர், எங்க அக்கா கட்டுனது. இது ரிஜெக்ட்டு. றெக்க ஒன்னு கோணலா இருக்காம்."

நாம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தும் கோணலைக் காணவில்லை.

தாழ்நாட்டில் ஏற்றுமதிக்காக இறகுப்பூச்சி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் அவளுடைய தமக்கை வேலை செய்கிறாள். இலங்கையில் இத்தொழில் நடப்பதை அன்றுவரை நாம் சிந்தித்ததேயில்லை. தாய்லாந்திலும் கெனியாவிலும் இது நடக்கிறது. கட்டுவோர் பெரும்பாலும் பெண்கள். முள்ளும் நூலும் இறகும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. இங்குள்ள விரல்கள் அவற்றைப் பிணைத்துத் திருப்பியனுப்புகின்றன. சிறு இடுக்கியில் முள்ளைப் பூட்டி, விளக்கொளியின் கீழ் நாள் முழுவதும் குனிந்திருக்கவேண்டும். இத்தனை டசினுக்கு இவ்வளவு என்று கணக்கு. கோணற் சிறகு கணக்கிற் சேராது. அக்காவுக்கு மாலையில் தலையிடி வருவதாகவும், ஊசியில் நூல் கோக்க இப்போது தங்கையைக் கூப்பிடுவதாகவும் அவள் சொன்னாள். தாய் கொழுந்து பறிக்கிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறித்துப் பழகிய விரல்களின் மகள் என்பதால் வேலை விரைவில் வந்ததாம். மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லிப் பாராட்டினாராம். அப்பாராட்டை எழுதும்போது எமது பேனா சற்றுத் தயங்குகிறது.

"அக்கா ட்றவுட் பாத்திருக்காளா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான்.

"டின்னுல கூட பாத்ததில்ல," என்றாள். வகுப்புச் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

அவ்வாண்டு சித்திரையில் நுவரெலியாவின் பருவகாலம் தொடங்கிற்று. மலர்க்காட்சிக்கும் குதிரைப்பந்தயத்துக்கும் கொழும்பிலிருந்து வாகனங்கள் ஏறிக்கொண்டிருந்தன. நாம் மாணவர் சிலருடன் மறுபுறமாக ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரம். 1988 முதல் தேசியப் பூங்கா. மழை தொடங்காத நாட்களாகையால் ஓடைகள் தெளிந்திருந்தன. நீண்ட நேரம் எதுவும் புலப்படவில்லை. பின்பு ஒரு மாணவன் கையைப் பற்றினான். கல்லொன்றின் பின்னே, நீரோட்டத்தை எதிர்த்து, அசையாததுபோல அசைந்துகொண்டு நின்றது ஒரு மீன். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. அது மேலெழுந்து எதையோ உறிஞ்சிக்கொண்டு மீண்டும் தன் இடத்துக்கே திரும்பியது. நீரில் எஞ்சியது ஒரு வளையம். அழகு என்பதைத் தவிர வேறு சொல் எமக்கு வரவில்லை. நமது நண்பர் மன்னிப்பாராக.

அந்த அழகுக்கு விலை கொடுப்பது வேறோர் உயிர். அச்சமவெளியின் நீருக்கே உரிய, உலகில் வேறெங்கும் இல்லாத சிறிய நன்னீர் இறால் ஒன்று அவ்வோடைகளில் வாழ்கிறது. வானவில் ட்றவுட் அதனை உண்டு குறைத்துவிடும் என்று ஆய்வாளர் அஞ்சுகின்றனர். துரைமார் போய் நெடுங்காலமாயிற்று. அவர்களுடைய மீன் இன்னும் இரை தேடுகிறது. மீனைக் குற்றங்கூறிப் பயனில்லை.

திரும்பும் வழியில் அம்மாணவி ஓர் ஐயம் எழுப்பினாள். அக்கா கட்டும் பூச்சி இந்த ஓடையிற் பறக்கும் எந்தப் பூச்சி? நாம் இரவலாகப் பெற்ற ஆங்கில நூலின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அது இங்கிலாந்து ஆற்றின் பூச்சி. அப்படியானால் நமது ஓடையில் எவை பறக்கின்றன? பாடசாலைக்குக் கீழே தேயிலைச் சரிவின் ஊடாக ஓடும் நீரோடைக்குச் சனிக்கிழமைகளில் மாணவர் செல்லத் தொடங்கினர். கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுக்கள் அங்கும் உள்ளன. மாலையில் சிறகு பெற்று எழுகின்றன. மரக்கறித் தோட்டத்து உரமும் மருந்தும் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே அவை குறைவு, மேலே மிகுதி. எவரும் கற்பிக்காமலே இதை அவர்கள் கண்டு குறித்துவைத்திருக்கிறார்கள்.

அப்பியாசக் கொப்பியொன்றில் இதுவரை ஏழு வகை வரையப்பட்டுள்ளன. நாம் அறிந்தவரையில் நிகண்டுகளில் அவற்றுக்குப் பெயர் இல்லை. ஆகவே மாணவரே பெயரிட்டிருக்கிறார்கள்: மூன்றுவாலி, கண்ணாடிச் சிறகி, கல்லொட்டி. இளம்பச்சை நிறமுடைய ஒன்றுக்குக் கொழுந்துப்பூச்சி என்று பெயரிட்டவள் அம்மாணவியே. அதன் படத்தைத் தமக்கைக்கு அனுப்பியிருப்பதாகவும், அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதுபோல ஒன்று கட்டித்தர அவள் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். முள் இல்லாமல் கட்டச் சொல்லியிருக்கிறாளாம்.