பார்க்கத் தெரிந்த கண்கள்

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள சூரமங்கலத்து நண்பர்களுக்கு,

2019 ஜூனில் டொரண்டோ ராப்டர்ஸ் அணி என்.பி.ஏ. கூடைப்பந்துக் கோப்பையை வென்றபோது இந்த நகரமே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. ஆடியவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அந்த அணியைத் தேடிச் சேர்த்தவரைப் பற்றி.

மசாய் உஜிரி நைஜீரியாவின் சாரியா நகரில் வளர்ந்தவர். ஐரோப்பாவில் சிறிய அணிகளுக்கு ஆடினார். நட்சத்திரம் என்று பெயர் எடுத்தவரில்லை. 2002-ல் ஆட்டத்தை நிறுத்தியதும் ஆர்லாண்டோ அணிக்குச் சம்பளமில்லாத ஸ்கவுட் ஆனார். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து, யார் தேறுவார்கள் என்று எழுதி அனுப்பும் வேலை அது. கைக்காசைச் செலவழித்துத்தான் அலைந்தார். பிறகு டென்வர் அணி சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. 2010-ல் அதே அணிக்கு ஜெனரல் மேனேஜர். 2013-ல் அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி. அதே ஆண்டு டொரண்டோவுக்கு வந்தவர் 2025 வரை இங்கேதான் இருந்தார்.

அவர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேமரூன் நாட்டின் பாஸ்கல் சியாகாம் பாதிரியார் ஆவதற்காகப் படித்த பையன். கூடைப்பந்தையே தாமதமாகத்தான் தொட்டான். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-ல் 26 பேர் தேர்வான பிறகே அவனை ராப்டர்ஸ் எடுத்தது. மூன்றே ஆண்டுகளில், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 32 புள்ளிகள் குவித்தான். அதே 2016-ல் எந்த அணியும் டிராஃப்டில் தொடாத ஃப்ரெட் வான்வ்ளீட்டும் அந்தக் கோப்பை அணியில் இருந்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் புள்ளிவிவரத் தாள் மட்டும் காட்டிக் கொடுக்காது. பந்து கையில் இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான், தப்பு செய்ததும் திரும்பி ஓடுகிறானா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். தானே ரிங்குக்குக் கீழே இடிபட்டு எழுந்தவருக்கு இது சீக்கிரம் கண்ணில் படும்.

இது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பும் இல்லை. லேக்கர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் ஜெர்ரி வெஸ்ட் பிறகு அதே அணியின் நிர்வாகத்தில் உட்கார்ந்தார். 1996-ல் பதினேழு வயது கோபி பிரையன்ட், ஓய்வு பெற்ற மைக்கேல் கூப்பரை எதிர்த்து ஆடியதை நேரில் பார்த்தார். அந்தப் பையனுக்காக, நிலைபெற்ற ஆட்டக்காரர் விளாடே டிவாட்சையே விட்டுக்கொடுத்தார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சேலம் ஜங்ஷன் நம் சூரமங்கலத்தில்தான் இருக்கிறது. 2007 நவம்பர் 1-ல் சேலம் ரயில்வே கோட்டமும் வந்தது. ரயில்வே நம் ஆட்டக்காரர்களுக்குச் செய்தது சாதாரண உதவியில்லை. விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்து, குடும்பம் கரையேறிய எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அப்படித்தான் பலரைத் தாங்கியது. ரயில்வே, வங்கி அணிகளைப் பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

என் ஆதங்கம், ஆட்டம் முடிந்த பிறகு என்ன என்பதுதான். முப்பத்தைந்து வயதில் காலணியைக் கழற்றியவர் கவுன்ட்டரிலோ கோப்புக்குப் பின்னாலோ உட்கார்ந்துவிடுகிறார். அந்த வேலையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் இருபது வருடம் பழகிய கண் அங்கே சும்மா கிடக்கிறது. ஒரு பிள்ளை பந்தைப் பிடிக்கும் விதத்திலேயே பாதி விஷயத்தைச் சொல்லிவிடக்கூடியவரிடம், போய்ப் பார்த்து வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு லூதியானா சாட்சி. அங்கே பயிற்சியாளர் சங்கரன் சுப்ரமணியன் வளர்த்த அகாடமியில்தான் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங் வந்து சேர்ந்தான். 2015-ல் டல்லாஸ் அணி அவனை 52-ஆவது இடத்தில் எடுத்தது, என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியன். நம் பக்கத்திலும் சாட்சி உண்டு, கிரிக்கெட்டில். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியது. அதில் சின்னப்பம்பட்டி நடராஜன் வீசிய யார்க்கரை ஐ.பி.எல். அணிகள் கவனித்தன. அடுத்த ஆண்டே பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. திறமை எப்போதும் சின்னப்பம்பட்டியில்தான் இருந்தது. பார்க்க ஆள் வந்ததும் அது ஆஸ்திரேலியா வரை போனது.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளை நினைத்தால் எனக்கு இன்னும் பதைக்கிறது. பல மாவட்டங்களிலிருந்தும் வந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். இப்படிக் கூடிய கூட்டத்தை வேறு எங்கே தேடுவது? மதிப்பெண்ணுக்காக விளையாட்டு வகுப்பையும் பாட வகுப்பாக்கிவிட்டால், ஆறடியைத் தாண்டிய பையனும் பெண்ணும் பெஞ்சு கொள்ளாமல் குறுகி உட்கார்ந்திருப்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கு 2023-ல் தலைவரான ஆதவ் அர்ஜுனா தமிழ்நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர். மேல் நாற்காலிக்கு ஆடியவர் வந்தது நல்லதே. மாவட்ட அளவில்தான் இன்னும் காலியிடம் நிறைய இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ரயில்வேயும் வங்கிகளும் தங்கள் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டில் சில வாரங்களாவது பணிக்கால விடுப்பும் பயணப்படியும் கொடுத்து, பள்ளி மைதானங்களுக்கு அனுப்பட்டும். அவர்கள் எழுதித் தரும் அறிக்கையை மாவட்டச் சங்கம் தேர்வு நாளன்று மேசையில் வைக்கட்டும். பள்ளித் தாளாளர்களே, வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்