டயருக்கும் தேதி உண்டு

வாசகர் கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். ‘பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். குடும்பத்தோடு வெளியே போகவும், விடியற்காலையில் காய்கறி மூட்டை ஏற்றவும் அதுதான். டயரை எப்படிப் பார்த்துக்கொள்வது?’ என்று ஒரு விவசாயி கேட்டிருந்தார். வேளாண்மை அலுவலரிடம் டயர் கேள்வியா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. இந்தப் பாடத்தை நான் படித்த விதம் அப்படி. அதற்கு என்னைவிட அதிக விலை கொடுத்தவர் வேறொருவர்.

2023 மே மாதம், கத்திரி வெயில். ஒரகடம் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் மண் பரிசோதனை முடிவு வாங்க என்னோடு காஞ்சிபுரம் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். சுற்றியிருந்த நிலமெல்லாம் கம்பெனிகளாகிவிட்ட பிறகும், ஒன்றரை ஏக்கரை விடாமல் கிணற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவர். சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்தார். “குறுகிய கால ரகம். 18 முதல் 22 நாளுக்குள் நட்டுவிடுங்கள். நாற்று முற்றினால் தூர் கட்டாது” என்று அவருக்குச் சொன்னவனே நான்தான்.

திரும்பி வரும்போது, வாலாஜாபாத் தாண்டி ஒரகடம் நோக்கி வருகையில், பின்பக்க இடது டயர் வெடித்தது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். கார் ஒரு சுற்று சுற்றி, சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் சுதாரித்ததால் உயிர் தப்பினோம். முன்னால் கையை ஊன்றிய பெரியவருக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஸ்டெப்னி மாட்ட வந்த பஞ்சர் கடைத் தம்பி வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தார். “பட்டன் நல்லாத்தானே இருந்துது?” என்றேன்.

“பட்டன் இருக்கு சார். ரப்பர் செத்துப் போச்சு. பாருங்க, 2214. 2014-ஆம் வருஷம், 22-ஆவது வாரம் செஞ்ச டயர். ஒம்பது வருஷம் ஆச்சு. காத்தும் கம்மியா இருந்திருக்கும்.”

முதல் சொந்தக்காரர் காரை அதிகம் ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்தார். பட்டன் தேயவில்லை என்று நம்பி, வாங்கிய நான்கு வருடமும் அதே டயரில் ஓட்டினேன். விதை வாங்கப் போனால் அட்டையில் தேதியைப் பாருங்கள், சான்று விதைக்கு ஒன்பது மாதம்தான் கணக்கு என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட் என்று டயர் ஆலைகள் இருக்கும் வட்டாரத்தில் தினமும் போய்வருகிறவன். என் காரின் டயரை ஒருநாளும் குனிந்து படித்ததில்லை. தப்பு டயருடையதல்ல, என்னுடையது.

ரப்பரும் மரத்தின் பாலிலிருந்து வருவதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயிலும் காற்றும் பட்டால், ஓடாமல் நின்றாலும் அது இறுகி வெடிப்பு விடும். காற்றும் குறைந்தால் டயரின் பக்கவாட்டு சுற்றுக்குச் சுற்று மடங்கி மடங்கிச் சூடேறும். வெயிலில், வேகத்தில், பாரத்தோடு போகும்போது ஒருநாள் வெடிக்கும்.

ஆகவே, கேள்வி கேட்ட அன்பருக்கு:

முதலில் தேதி. டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். ஐந்து வருடம் ஆனால், வருடாவருடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நான் ஆறாவது வருடத்தில் மாற்றிவிடுகிறேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது காற்று. எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் காருக்குப் பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வரும். மூட்டை ஏற்றும் நாளுக்கு அதிலேயே தனி அளவு போட்டிருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன் பாருங்கள். டிராக்டர் பின் டயருக்கு வயலில் 12, 14 போதும் என்பதால் காருக்கும் கண் மதிப்பில் விடாதீர்கள்.

இலையைப் பார்த்து சத்துக்குறை கண்டுபிடிப்பதுபோல, தேய்மானத்தைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பட்டன் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மீதி 1.6 மில்லிமீட்டர்தான். சட்டப்படி அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஆணி, போல்ட், தகட்டுத் துண்டுக்குக் குறைவில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காமல், காற்று இருக்கும்வரை மெதுவாகப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் கிழிசலோ வீக்கமோ இருந்தால் ஒட்டிச் சமாளிக்க முடியாது, டயரையே மாற்றுங்கள். ஓட்டத்தில் வெடித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் குறைந்ததும் ஓரம் கட்டுங்கள்.

டயர் பார்க்கும் நாளிலேயே இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வைக்கோல் போர் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள், எலி ஒயரைக் கடித்துவிடும்.

பெரியவர் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்ததால், நாற்று பிடுங்கி நடும்போது 32 நாள் ஆகிவிட்டது. தூர் சரியாகக் கட்டவில்லை. அந்தப் பட்டத்தில் ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தது. வைத்தியச் செலவை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார். நெல்லுக்கான பணத்தை நீட்டியபோது, “விடுங்க சார். முத்தின நாத்து நட்டா என்ன ஆவும்னு நீங்க சொன்னது சரிதான்னு தெரிஞ்சுது” என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

இப்போதும் என் காரில்தான் வருகிறார். ஏறும் முன் குனிந்து நாலு டயரையும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். நீங்களும் இன்று சாயங்காலமே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.