அடிமை வந்திறங்கிய துறைமுகம்

வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவுக்குச் செல்வோர் பெரும்பாலும் எரிமலைகளையும் வெந்நீரூற்றுக்களையும் கண்டு மீள்வர். நாம் இன்று நேயர்களை அழைத்துச் செல்வதோ அத்தீவின் கீழ்க்கரையிலுள்ள த்யூப்பிவோகுர் என்னும் சிற்றூருக்காகும். பொதுமக்கள் பயணஞ்செய்யப் புகைவண்டிச் சேவை இல்லாத நாடு அது. தீவைச் சுற்றி வளைந்தோடும் பெருந்தெருவே நமக்கு வழி. மலைகளுக்கிடையே கடல் புகுந்து நீண்ட கழியொன்றின் வாயிலில் ஊர் அமைந்திருக்கிறது. அதன் பின்னே 1,069 மீற்றர் உயரமான மலையொன்று கோயிற் கோபுரம் போலக் கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறது. கரையோரத்தில் 1790ஆம் ஆண்டில் எழுந்த நீண்ட மரக்கட்டடமொன்று உண்டு. அந்நாளில் வணிகர்களின் பண்டகசாலையாக விளங்கிய அது இந்நாளில் நூதனசாலையாக இருக்கின்றது.

இத்துறைக்கு 1802ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். ஹான்ஸ் யொனாத்தான் என்பது அவர் பெயர். மேற்கிந்தியத் தீவுகளில் டேனியர் ஆண்ட சென் குறோய் என்னும் தீவில், கரும்புத் தோட்டமொன்றிலே, 1784ஆம் ஆண்டிற் பிறந்தவர். தாய் எமிலியா ரெஜினா, ஆபிரிக்க வழிவந்த அடிமைப் பெண். தந்தை ஐரோப்பியர். எசமானர் குடும்பம் அவரைக் கொப்பனேகனுக்குக் கொண்டு சென்றது. 1801ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை அந்நகரைத் தாக்கியபோது அவர் டென்மார்க்கின் பக்கம் நின்று போர்புரிந்தார். ஆயினும் எசமானி அவரைத் தமது உடைமையெனக் கூறி வழக்காடினார். 1802ஆம் ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றம் எசமானிக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. நாட்டுக்காகப் போராடிய வீரர் மீண்டும் அடிமையானார். ஆனால், திருப்பி அனுப்பப்படுமுன் அவர் தப்பினார். தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டிற் கோட்டை கட்டிய அதே டேனியரின் ஆட்சிதான் ஐஸ்லாந்திலும் அப்போது நிலவியது. எனினும் அத்தொலைக் கரையில் அவரைப் பிடித்துச் செல்ல எவரும் வரவில்லை.

வணிகசாலையில் வேலை செய்து, 1820ஆம் ஆண்டில் கத்ரின் அந்தோனியுஸ்தோத்திர் என்னும் மங்கையை மணந்து, 1827ஆம் ஆண்டில் அவர் இவ்வூரிலேயே காலமானார். எஞ்சிய பிள்ளைகள் இருவர். மகளுக்கு இட்ட பெயர் ஹன்சினா ரெஜினா. சமுத்திரத்துக்கு அப்பால் விட்டுவந்த தாயின் பெயர் இப்பனிநாட்டுப் பேத்தியிடம் தங்கிற்று.

இனி, அவர் வழித்தோன்றல்களை எவ்வாறு கண்டறிந்தனர் எனக் காண்போம். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கு அரிது. 'தோத்திர்' என்றால் மகள். 'சொன்' என்றால் மகன். ஆகவே அந்தோனியுஸின் மகள் அந்தோனியுஸ்தோத்திர். தந்தை பெயரை முன்னெழுத்தாக அணியும் நமக்கு இது புதுமையன்று. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதாலும், ஒரே பெயர் பலருக்கு வழங்குவதாலும், பெயரை மாத்திரம் பிடித்துக்கொண்டு குலமுறை தேடுவோர் சிக்கலில் அகப்படுவர். அச்சிக்கலை அவிழ்ப்பவை பழைய ஏடுகளே. 1703ஆம் ஆண்டில் அத்தீவில் எடுத்த குடிசன மதிப்பு 50,358 பேரைப் பெயர், வயது, வதியும் பண்ணை என்பவற்றுடன் எழுதிவைத்தது. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்த மிகப் பழைய கணக்கெடுப்புக்களுள் இது ஒன்று. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றது. அதன் பின் வந்த கணக்கெடுப்புக்களும் தேவாலயப் பதிவேடுகளும் சேர்ந்து தந்தையையும் பிள்ளையையும் இணைத்துக் காட்டுகின்றன.

இவ்வாறு ஹான்ஸ் யொனாத்தானின் வழித்தோன்றல்கள் 788 பேர் அறியப்பட்டனர். அவர்களுள் 182 பேரின் பரம்பரையலகுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முறை எளிது; உழைப்போ பெரிது. அக்காலத்தில் ஐஸ்லாந்தில் ஆபிரிக்க வழியினர் வேறெவரும் இல்லையெனவே கொள்ளலாம். ஆதலின் இம்மக்களின் நிறமூர்த்தங்களிற் காணும் ஆபிரிக்கத் துண்டுகள் அவர்மூலம் வந்தவையே. ஒருவரிடம் ஒரு துண்டும் மற்றொருவரிடம் வேறொரு துண்டுமாகச் சிதறிக் கிடந்தவற்றை, உடைந்த மட்பாண்டத்தின் ஓடுகளைப் பொருத்துவதுபோலப் பொருத்தினர். அவருடைய கல்லறையைத் தோண்டாமலே, தாய்வழி அவர் பெற்ற மரபுச்செல்வத்தில் 38 சதவீதம் மீண்டது. எமிலியா ரெஜினாவின் முன்னோர் இன்றைய பெனின், நைஜீரியா, கமரூன் நாடுகள் அமைந்த பகுதியினர் என்பதும் தெரியவந்தது.

நேயர்களே, அத்தாயின் பெயரைத் தோட்டத்து எசமானர்கள் தம் உடைமைகளுள் ஒன்றாகவே கருதினர். அவர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என எழுதிவைக்க எவரும் நினைக்கவில்லை. ஏடு மறந்ததைப் பேரப்பிள்ளைகளின் குருதி கூறிற்று. குருதி சொல்லவியலாத பெயர்களையும் ஆண்டுகளையும் ஏடு கூறிற்று. ஒன்றில்லையேல் மற்றொன்று ஊமையாகும். நம் நாட்டிலும் ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள் உள்ளன. வீட்டுப் பெட்டகங்களில் பழைய உறுதிகளும் சாதகக் குறிப்புக்களும் உறங்குகின்றன. கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்துப் படிப்பதும், பாட்டன் பாட்டிமார் இருக்கும்போதே பூட்டன் பூட்டி பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பதும் மாணவர்க்கு உகந்த பணியாகும்.