நெளுக்குளம் போகும் வழியிலே

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிப் புறப்படுவோர், ஊர்ப்பெயர்களைக் கேட்டமட்டிலேயே தாம் வந்திருக்கும் நாடு எத்தகையது என்பதை அறிந்துகொள்வர். பண்டாரிக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம்; அப்பாற் சென்றால் பூவரசங்குளம். குளத்தைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல இயலாத நாடு வன்னிநாடு. மாரி மழையைக் கட்டி நிறுத்தி, துருசு திறந்து, வாய்க்கால் வழியே வயலுக்கு விட்டு, காலபோக நெல்லை எடுத்து வாழ்ந்த மக்களுக்கு, பெயரிலும் தண்ணீர் இருத்தல் இயல்பே அன்றோ?

நெளுக்குளத்தைக் காண்பதற்கென்று எவரும் சுற்றுலா வருவதில்லை. ஒரு சந்தி, சில கடைகள், கலைமகளின் பெயர் தாங்கிய ஒரு பாடசாலை, வீடுகளுக்கு இடையே எட்டிப் பார்க்கும் வயல், இவையே வழிப்போக்கன் கண்ணிற் படுவன. நகரம் மெல்ல மெல்ல இவ்வூரை நெருங்கி வந்துவிட்டது. பம்பைமடுவிலே 2021 ஆம் ஆண்டு வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து எழுந்த பின்னர், மாணவர் நிறைந்த பஸ் வண்டிகளும் இவ்வழியே ஓடுகின்றன.

அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடந்த ஒரு மாலைப் பொழுதில், இச்சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். எங்கோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கி வாயிலாக ஆர்மோனியச் சுருதியும், அதன்மேல் ஏறி நின்ற ஒரு சிறுவனின் குரலும் காற்றிலே மிதந்து வந்தன. ஒத்திகையோ, வேறெதுவோ அறியேன். ஆயின் அக்குரல் உச்சத்தைத் தொடும்போது சிறிதும் நடுங்கவில்லை. வண்டி வந்தது, ஏறினேன். ஆனால் வவுனியா வந்து சேரும் வரையிலும் ஒரே வினா என்னைத் தொடர்ந்தது: இப்படிப் பாட வல்ல ஒரு பிள்ளைக்கு, பாடி நடித்தே வாழ்வதற்கு நம் நாட்டில் வழி ஏதேனும் உண்டா?

தொடக்கத்துக்கான வழி உண்டு. அது மிகப் பழைய வழி. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அம்மன் கோயில் முன்றல்களில் ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தைப் பலரும் கண்டிருப்பர். சிந்துநடையிலே அடி பெயர்த்து, இரவு முழுவதும் பாடியே கதையை நடத்துவர். இக்கூத்தின் வழக்கம் ஒன்று என் மனத்தை எப்போதும் கவர்வது: காத்தானாக வருபவர் ஒருவரல்லர். பாலகனாகிய காத்தானை ஒரு சிறுவன் ஆடுவான். வளர்ந்த காத்தானை வேறொருவர் ஆடுவார். விடியும் வேளையில் கழுமரம் ஏறுபவர் இன்னொருவர். ஒரு தொண்டை ஓர் இரவைத் தாங்காது என்பது ஒரு காரணமாயிருக்கலாம். எனக்கோ, ஒரு நடிகனின் வாழ்க்கையையே ஓர் இரவுக்குள் மடித்து வைத்தாற்போலத் தோன்றும். இன்று பாலகாத்தானாகக் கொஞ்சி வருபவன் சில ஆண்டுகளில் குரல் உடைந்து ஒதுங்கி நிற்பான். குரல் மீண்டும் கனிந்தால் பெரிய காத்தானாகத் திரும்புவான். கனியாவிட்டால் கூட்டத்தில் ஒருவனாகப் பாயில் அமர்ந்து பார்ப்பான். அண்ணாவியார் சொல்லிக் கொடுப்பார், ஊர் மெச்சும், யாரோ ஒருவர் சால்வை போர்த்துவார். மறுநாட் காலையில் அவன் வயலுக்கோ பாடசாலைக்கோ போயாக வேண்டும். முல்லைத்தீவுப் பகுதியிலே கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த கோவலன் கூத்துக்கும் நிலைமை இதுவே. வன்னியின் கூத்து, நேர்த்திக்கடனாகவும் ஊர்க் கடமையாகவும் வாழ்ந்ததேயன்றிப் பிழைப்பாக வாழ்ந்ததில்லை.

பிழைப்பாக வாழ்ந்தது கடலுக்கு அப்பால், தமிழகத்திலே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். 1918 ஆம் ஆண்டு மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தவர்கள்தாம் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றனர். கம்பெனியிலேயே உண்டு, உறங்கி, அடியும் பட்டு, பாட்டும் பாடமும் கற்ற பிள்ளைகள் அவர்கள். அவ்வாழ்வை இன்று எந்தப் பெற்றோரும் விரும்பார், விரும்பவும் கூடாது. எனினும், குரலே கைம்முதலாக ஓர் ஏழைப் பிள்ளை உயரக் கூடிய ஏணி அது ஒன்றே என்பதையும் மறுத்தல் இயலாது.

அவ்வேணியில் யாரினும் விரைவாக ஏறியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906 ஆம் ஆண்டு பிறந்த அவர் பாலப் பருவத்திலேயே மேடையேறி, பின்னர் கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தால் நாடெங்கும் பெயர் பரவப் பெற்றார். ஒலிபெருக்கி வராத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் அரையணா கொடுத்து அமர்ந்தவன் காதுக்கும் எட்டினால்தான் பாட்டு, இல்லையேல் கூச்சல். அந்த மேடையில் அவர் அரசராக வாழ்ந்தார். இலங்கைக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் இங்கே மேடைகளில் புகழ் பெற்று விளங்கிய நாளில், 1926 ஆம் ஆண்டளவில், கிட்டப்பாவும் வந்து சேர, கொழும்பிலே இருவரும் ஒன்றாக நடித்தனர். அந்த இணை மேடையோடு நில்லாமல் வாழ்விலும் கூடியது. ஆனால் 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதிலேயே, கிட்டப்பா மறைந்தார். ஒரு நடிகன் வழக்கமாக முதிர்ச்சியைத் தொடும் வயதில் அவருடைய வாழ்வு முழுவதும் முடிந்து போயிற்று. இசைத்தட்டுகளில் எஞ்சியிருக்கும் அக்குரலைக் கேட்போர் இன்றும் வியக்கின்றனர்.

நம் நாட்டில் அவ்விடத்தை எட்டியவர் என்று ஒருவரையே நான் துணிந்து சொல்வேன்: காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924 ஆம் ஆண்டு பிறந்தவர். வசந்த கான சபாவின் மயான காண்டத்திலே அரிச்சந்திரனாக அவர் சுடலை காக்க நின்ற கோலத்தை, எங்கள் பெரியவர்கள் நேற்றுக் கண்டதுபோலப் பேசுவர். மூவாயிரம் தடவைக்கு மேல் அவ்வேடத்தைப் புனைந்தார் என்பர். எண்ணிக்கை இருக்கட்டும், ஒரே கதையை, முடிவு தெரிந்த கதையை, ஊருக்கு ஊர் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்துக் கேட்டார்கள் என்பதே வியப்பு. அரிச்சந்திரன் என்ன ஆவான் என்று அறிவதற்காக எவரும் வரவில்லை. இன்று அண்ணன் அதை எப்படிப் பாடப் போகிறார் என்று கேட்கவே வந்தனர். 1989 சூலையில் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலேயே போர் காங்கேசன்துறை மக்களை ஊரைவிட்டுப் பெயர்த்தது.

போர் இக்கலைக்குச் செய்த தீங்கைப் பலரும் உயிரிழப்பிலும் இடப்பெயர்விலும் வைத்தே எண்ணுவர். அவற்றோடு இன்னொன்றையும் எண்ண வேண்டும்: அது இரவைப் பறித்துக்கொண்டது. விடிய விடிய நடக்கும் கூத்துக்கு விளக்கும் மேடையும் பின்னர். முதலில் வேண்டுவது அச்சமற்ற ஓர் இரவு. ஊரடங்கு நிலவிய நாட்களில் பத்து மணிக்குப் பின் பாயும் தலையணையுமாகக் கோயிலுக்குப் புறப்படுபவர் யார்? 1990 முதல் வடக்கு நோக்கிய புகையிரதம் வவுனியாவோடு நின்றது. 2014 அக்டோபரிலேதான் யாழ்ப்பாணம் மீண்டும் அதைக் கண்டது. 2009 ஆம் ஆண்டிலே வவுனியாவைச் சூழ்ந்த பாடசாலைகள் பல, வன்னி முழுவதிலுமிருந்து வந்த மக்களுக்கு முகாம்களாயின. அம்மக்களிடையே அண்ணாவிமாரும் இருந்திருப்பர், ஆர்மோனியத்தைக் கைவிட்டு வந்தோரும் இருந்திருப்பர்.

பிற நாடுகளில் இளம் பாடகநடிகன் எவ்வாறு வளர்கிறான் என்று நோக்குவது பயனுடையது. ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலே, 1847 வரை வேர் நீளும் அரச கலைக் கல்லூரி ஒன்று உண்டு. அங்கே இசை நாடகமே ஒரு பட்டப் படிப்பு. பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் பயின்று வெளிவரும் இளைஞன் லண்டன் மாநகரின் நாடக அரங்குகளுக்குச் சென்று குரற்தேர்வுக்கு நிற்பான். தேறினால் ஒப்பந்தமும் வாரச் சம்பளமும் உண்டு. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் பாட வேண்டும். தேறாத மாதங்களில் உணவுக்கடையில் தட்டு ஏந்துவான். அவனுக்கும் நிச்சயம் என்பது இல்லை. ஆயினும் அவன் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. அதனை அவனும் அறிவான், அவன் தாயும் அறிவாள்.

நம் பிள்ளைக்கு இருப்பது பாதிக் கதவு. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகம் வரை சென்று கற்கலாம். கற்றவர் பெரும்பாலும் என்ன ஆகின்றனர்? நாடக ஆசிரியர் ஆகின்றனர். அதனை இழிவாகச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிடின் இன்று கூத்தே இராது. ஆனால் கற்பிப்பவர் பெருகி, நடித்து வாழ்பவர் இல்லாமற் போனால், கற்பவன் எதனைப் பார்த்து ஆசை கொள்வான்? ஒரு திருவிழாவுக்கு வாணத்துக்கும் மின்விளக்குச் சோடனைக்கும் கொட்டிக் கொடுக்கும் ஊர்கள், கூத்தாடும் இளைஞனுக்குப் போக்குவரத்துச் செலவோடு நிறுத்திக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன்.

கூத்துப் பார்க்க விரும்பும் குடும்பத்தினர், காலபோக அறுவடை ஓய்ந்த பின்னர், பங்குனி தொடங்கி வன்னிப் பக்கம் வருவது நன்று. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும். சனத்திரளுக்கு அஞ்சாதவர் அங்கும் செல்லலாம். நெளுக்குளத்துக்கு வவுனியாவிலிருந்து பஸ் உண்டு. இரவில் திரும்புவதற்குத்தான் வாகனம் சொல்லி வைக்க வேண்டும். எந்தக் கோயிலில் எப்போது ஆட்டம் என்பதைச் சந்திக் கடைகளில் விசாரித்தால் சொல்வார்கள். ஒரு பாயும், பனிக்கு ஒரு போர்வையும், குடிக்கத் தேநீரும் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துங்கள். பாலகாத்தான் வருவது முன்னிரவிலே. அப்போது அவர்கள் விழித்திருப்பார்கள்.