தள்ளுபடியை நம்பி

"மாமா, முதல் வகுப்புத் தேர்ச்சி வாங்கினா பிடிபிடிஎன் கடனைக் கட்ட வேண்டாமாமே?" விண்ணப்பத்தை நிரப்பியபடியே கேட்டாள் அக்கா மகள்.

அதே நம்பிக்கையில்தான் நானும் கையெழுத்திட்டேன். கிடைத்ததோ இரண்டாம் வகுப்பு. வானொலியில் வேலை கிடைத்த பிறகும், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். 2021 நவம்பரில், முழுக் கடனையும் ஒரே தடவையில் அடைப்போருக்கு 15 விழுக்காடு கழிவு தந்தார்கள். கையில் காசில்லை. அம்மா வளையலைக் கழற்றி நீட்டினார், அடகு வைக்கச் சொல்லி. மனம் வரவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கழிவு 10 விழுக்காடு.

"கட்டாயம் முதல் வகுப்பு வாங்கும்மா. ஆனா, வாங்காமப் போனாலும் உன்னால கட்ட முடியுற அளவுக்குக் கடன் எடு" என்றேன்.

அவள் நிரப்புவதை நிறுத்திவிட்டு, மாதத் தவணையைக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.