முந்திரி ஓடும் அதை உடைக்கும் கைகளும்

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதே" என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பழத்துக்குள் அடங்காமல் வெளியே தொங்கும் கொட்டை என்பதால் வந்த பேச்சு அது. பண்ருட்டிப் பக்கம் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், அந்தக் கொட்டையின் ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பதிவு நீளம்தான், நண்பர்களே. பொறுமையாகப் படியுங்கள்.

பாயசத்தில் மிதக்கும் பருப்பைத்தான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். 100 கிலோ கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்பு 20 முதல் 25 கிலோ. மீதியில் பெரும்பகுதி ஓடு. பருப்பை டபிள்யூ 180, 240, 320 என்று தரம் பிரித்து விற்கிறார்கள். ஒரு பவுண்டுக்குச் சுமார் எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். ஓட்டுக்கு இப்படி ஒரு கணக்கும் கிடையாது. எரிக்கத்தானே போகிறோம் என்று குவித்து வைப்பார்கள்.

ஆனால் ஓட்டை வெட்டிப் பார்த்தால் வெளித்தோலுக்கும் உள்ளே இருக்கும் கெட்டி ஓட்டுக்கும் நடுவில் தேன்கூடு போல ஓர் அடுக்கு தெரியும். அதில் செம்பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக ஓர் எண்ணெய். ஓட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். விதையைப் பூச்சியிடமிருந்து காக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. கையில் பட்டால் தோல் வெந்துபோகும். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறதே, அதே குடும்பம். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இதே குடும்பம்தான்.

எங்கள் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், அல்லது எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கையுறை போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "பிடி நழுவும் சார், வேகம் கொறையும். கிலோ கணக்குக் கூலிக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆவாது" என்றார்கள். பரீட்சை விடுமுறை முடிந்து வரும் பெண் பிள்ளைகளில் சிலர் நோட்டை நீட்டும்போது விரலை மடக்கிக்கொள்வார்கள். நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். விடுமுறையில் என்ன செய்தாய் என்று அவர்களிடம் கேட்க வேண்டியதே இல்லை.

அப்படி விரல் மடக்கிய ஒரு பிள்ளை இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இன்றும் கொட்டைதான் உடைக்கிறது. போன வருடம் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். கைரேகை மெஷின் அதன் விரலை ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வீட்டுக்காரர அனுப்புறேன்" என்று சொல்லிக் காலிப் பையோடு திரும்பிப் போனது.

அதே வகுப்பில் படித்த பையன் ஒருவன் இன்று பெயின்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன், "சார், கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட்ல நம்ம ஊரு முந்திரி ஓட்டு எண்ணெய் சரக்குதான் சார் சேக்குறோம்" என்றான். ஈரமான பரப்பிலும், குளிரிலும்கூட அந்தப் பெயின்ட் இறுகிப் பிடிக்குமாம். எனக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிட்டது. உங்களுக்கும் நடத்திவிடுகிறேன்.

அந்த எண்ணெயில் அதிகம் இருப்பது அனகார்டிக் அமிலம். நன்றாகச் சூடாக்கினால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய் கார்டனால் என்ற பொருளாகிவிடும். கார்டனால் மூலக்கூறைத் தலையும் வாலும் உள்ள தலைப்பிரட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தலை, பீனால். மற்ற மூலக்கூறுகளோடு கைகோத்துக் கெட்டியான பிசினாக மாறக்கூடியது. வால், 15 கார்பன் கொண்ட நீளச் சங்கிலி. வளைந்து கொடுக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. 1907-ல் பேக்லண்டு என்பவர் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட் செய்தார். பழைய கறுப்பு சுவிட்சுகள் நினைவிருக்கிறதா? அதுதான். இன்று பீனால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. கிணறு வற்றினால் அதுவும் போய்விடும். முந்திரி மரமோ ஒவ்வொரு கோடையிலும் காய்க்கிறது. ஓட்டை யாரும் சாப்பிடப் போவதில்லை என்பதால் சோற்றோடும் அதற்குப் போட்டியில்லை.

இந்தப் பிசினைக் கெட்டியாக்கிப் பொடித்து வண்டி பிரேக் லைனிங்கில் சேர்க்கிறார்கள். நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தை உரசி நிறுத்துவதில் முந்திரி ஓட்டுக்கும் பங்கு இருக்கலாம். மரத்தைக் கரையான் அரிக்காமல் காக்கவும், படகுக்குப் பூசவும் இந்த எண்ணெய் வெகுகாலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. நம் ஆட்களுக்குக் குணம் தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை.

இத்தனை மதிப்புள்ள எண்ணெயோடு ஓட்டை அப்படியே அடுப்பில் போட்டால் கண்ணும் தொண்டையும் எரியும் கரும்புகைதான் மிச்சம். காற்றடிக்கும் திசையில் வீடு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்பெல்லரில் போட்டு எண்ணெயைப் பிழிந்துவிட்டால் மிஞ்சும் சக்கையும் நன்றாக எரியும், புகையும் குறையும். பிழியும் ஆலைகள் இல்லாமல் இல்லை. ஓடு எல்லாம் அங்கே போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

கொட்டாங்குச்சியைப் பாருங்கள். வெந்நீர் அடுப்புக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இன்று அதைக் கரியாக்கி, அந்தக் கரியை நீராவியில் சுட்டு, வீட்டுக் குடிநீர் ஃபில்டர் முதல் தங்கம் பிரிக்கும் ஆலை வரை அனுப்புகிறார்கள். தேங்காய் உடைக்கும் வீட்டிலேயே சிரட்டையைச் சேர்த்து வைத்து, தேடி வரும் வியாபாரிக்கு எடை போட்டு விற்கிறார்கள். அதாவது, கழிவுக்கு விலை வந்தபோது அதில் ஒரு துளி அந்த வீட்டுக்கும் வந்தது.

முந்திரி ஓட்டில் அது நடக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கப்பல் பெயின்ட் கதையைச் சொன்னேன். ஆச்சரியமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஓட்டுக்கும் வெல இருக்கா சார்? எங்களுக்குக் கூலி பருப்புக்குத்தான். ஓடு கணக்குலயே வராது, மூட்டையோட எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்றது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கழிவு வளமாக வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். வேதியியல் அதற்கான வழியை எப்போதோ காட்டிவிட்டது. மீதி இருப்பது கூலிக் கணக்கு. எண்ணெய்க்கு விலை இருக்கிறது என்றால், அந்த எண்ணெயில் வேகும் விரலுக்கு நல்ல கையுறையும் கிலோவுக்குச் சில ரூபாயும் கூடக் கொடுப்பது பெரிய காரியமா? மகளிர் குழுக்கள் சேர்ந்து ஓட்டைத் தங்கள் பெயரில் விற்கவும், ஒரு பிழியும் எந்திரம் வைக்கவும் வழி செய்ய முடியாதா?

கடலூர் மாவட்டத்தில் இருக்கும் என் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். வங்கியில் இருக்கிறீர்கள், தொழில் நடத்துகிறீர்கள், கிராம நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் ஓடு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது, அதில் உடைப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். குழு அமைத்து ஓடு விற்பவர்கள் எங்காவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க நான் தயார். அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.